‘ஏகமனதாக’ என்று எழுதிய தீர்மானம்

“…அதால அந்த அண்ணன விட்டிடுங்க, சேர். பூட்ட உடைச்சது அவரில்ல, நான்தான். வாங்குல இருந்து ஒழும்பச் சொல்லுங்க. காலையில இருந்து தின்னாம இரிக்கிற மனிசன்.”

பேச்சை முற்றத்திலேயே தொடங்கியிருந்தார் போலும். அறைக்குள் எங்களுக்குக் கேட்டது அதன் பின்பாதிதான். வாசலில் நின்றவர் ஹலீமா உம்மா. வட்டையின், அதாவது எங்கள் வயல்வெளியின், கடைசிப் பகுதியில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருந்த விதவை. செருப்பைக் கழற்றிவிட்டு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். உடுப்பின் கீழ் விளிம்பில் வாய்க்கால் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

என் அலுவலக அறைக்குள் நாங்கள் நான்கு பேர். முறைப்பாட்டுக் கடிதத்தின் மேல் பேனாவை வைத்தபடி நான். எனக்கு எதிரே பொலிஸ் சார்ஜன். பக்கத்தில் வட்டவிதானை, அதாவது வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதற்காக விவசாயிகள் தெரிந்தெடுத்த ஆள். சுவரோரம் மர வாங்கில், பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவைச் சேர்ந்த வயற்காரர் நல்லதம்பி. அவருடைய மண்வெட்டி பொலிஸ் ஜீப்பில் கிடந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உரக் களஞ்சியத்தில் மூட்டைக்குக் காவல் இருந்து, சோதனை எழுதி எழுதி மேலே வந்து, வயற்காரர்களின் கூட்டங்களை நடத்திக் குறிப்பு எழுதுகிற உத்தியோகத்தராகப் பென்சன் எடுத்தேன். மருதமுனையில் இருந்து முதலில் சைக்கிளிலும் பிறகு மோட்டார் சைக்கிளிலும் போய்வந்த அத்தனை வருடத்திலும், ஒரு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் பயந்தது அந்த ஒரு நாள்தான்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் ஆரம்பக் கூட்டம் வைப்போம். குளத்துக் கதவை என்றைக்குத் திறப்பது, எந்தத் தேதிக்குள் விதைப்பது, மாட்டை எப்போது வயலில் இருந்து அப்புறப்படுத்துவது, இதெல்லாம் அங்கே முடிவாகும். முடிவெடுப்பவர்கள் வயற்காரர்கள். உத்தியோகத்தர் தலைமை தாங்கி, எடுத்த முடிவை எழுதுகிறவர் மாத்திரமே. எழுதியதை மீறினால் சட்டம் பாயும். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்று என்னிடம் கேட்டால், அது கூட்டத்தில் இருந்துதான் வருகிறது என்பேன். கூட்டம் சம்மதித்தது என்ற ஒரு வரியின் மேல்தான் பூட்டு, விதானை, பொலிஸ் எல்லாமே நிற்கின்றன.

அந்த வருடம் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் போதவில்லை. எங்கள் வட்டையில் மேல்கண்டம், நடுக்கண்டம், கடைக்கண்டம் என்று மூன்று பகுதி உண்டு. மேலுக்கும் நடுவுக்கும் மாத்திரம் தண்ணீர் விடுவது, கடைக்கண்டத்தைச் சும்மா போடுவது, கடைக்கண்டத்துக்குப் போகும் வாய்க்கால் கதவைப் பூட்டுவது என்று கூட்டத்தில் பிரேரித்தார்கள். பாடசாலை மண்டபத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். மேல்கண்டத்தில் பெருங்காணி வைத்திருந்த போடியார் ஒருவர் எழும்பி அழகாகக் கதைத்தார். நடுக்கண்டத்தார் இருவர் ஆமோதித்தார்கள். ஆட்சேபம் உண்டா என்று நான் கேட்டேனா? கேட்டேன் என்று நினைக்கிறேன். அது பிளாஸ்க்கில் இருந்து பிளேன்டீயை ஊற்றத் தொடங்கிய நேரம். அப்போது முன்வரிசையில் ஒரு பெரியவர், “அப்ப எல்லாருமா ஸலவாத்துச் சொல்லிக்குவம்” என்றார். மண்டபம் முழுக்க, நபியின் பேரில் வாழ்த்தோதும் ஸலவாத்து எழுந்தது. நான் புத்தகத்தில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இதில் என்ன பிழை என்று நினைப்பீர்கள். எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்களில் கலியாணம் பேசி முடிந்தால் ஸலவாத்து, வேலிச் சண்டை தீர்ந்தால் ஸலவாத்து, வியாபாரம் பொருந்தினால் ஸலவாத்து. உண்மையான உடன்பாட்டுக்கு அது முத்திரை. நானோ வருடக்கணக்காகக் கடிதத்தை எழுதாமல் முத்திரையை மாத்திரம் குத்திக்கொண்டிருந்தேன். கை எண்ணுவது நேரம் தின்னும் மினக்கேடு. எண்ணினால் எதிர்ப்பவர் யார் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் மனக்கசப்பு வரும். ஸலவாத்துக்கு எதிர்ப்பே கிடையாது. ஒரு உத்தியோகத்தருக்கு அதைவிட வசதியான வாக்கெடுப்பு உலகத்தில் இல்லை.

கதவு பூட்டி ஒரு வாரம் கழித்து வந்த வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து விதானை வட்டைக்குள் போனால் பூட்டு உடைந்து கிடக்கிறது, கதவு மேலே தூக்கியிருக்கிறது, தண்ணீர் கடைக்கண்டத்துக்குள் பாய்ந்து நிற்கிறது. வரம்பில் மண்வெட்டியோடு நல்லதம்பி.

ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் ஆம்பிளை ஒருவரும் வட்டைக்குள் இருக்கமாட்டார். ஆகையால் உடைத்தது காரைதீவு ஆள்தான் என்று, விதானை தன் மோட்டார் சைக்கிளைத் திருப்புவதற்குள் முடிவாகிவிட்டது. இந்தக் கரையில் ஒரு தனிமனிதரின் காரியம் ஊரின் காரியமாக மாற அதிக நேரம் பிடிக்காது. அஸர் தொழுகை நேரத்துக்கு எங்கள் அலுவலக வாசலில் ஒரு டிராக்டர் பெட்டி நிறைய ஆட்கள். காரைதீவில் இருந்தும் சிலர் வந்து வீதியின் மறுபக்கம் நின்றார்கள். ஒருவரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சார்ஜனுக்கு வேண்டியது என் கையெழுத்து. ஏகமனதான தீர்மானத்தை மீறினார் என்று நான் கையெழுத்து வைத்தால் நல்லதம்பியை ஏற்றிக்கொண்டு போவார். நான் ஒரு தரம் நல்லதம்பியையே கேட்டுப் பார்த்தேன்.

“அண்ணன், நீங்களா உடைச்ச?”

“இல்ல, சேர்.”

“ஆர் உடைச்சதெண்டு கண்டீங்களா?”

“ஓம், கண்டன்.”

“ஆர்?”

“அதச் சொல்ல ஏலா.”

விதானை குறுக்கிட்டார். “பாருங்க சேர். கண்டாராம், சொல்லமாட்டாராம். இது என்ன கதை?”

“விதானையார், நீங்க தண்ணிக்குத்தான் விதானை. என்ட வாய்க்கில்ல.”

இந்த இடத்தில்தான் ஹலீமா உம்மா வந்தார்.

சார்ஜன் சிங்களவர். எங்கள் தமிழை ஓரளவு கதைப்பார். “அம்மா உடைச்சதா? எதால?”

“அலவாங்கால.”

“ஆருட அலவாங்கு?”

“என்டதான். வேலிக்குக் குழி தோண்டுற இரும்பு. வேணுமெண்டா கொண்டு வந்து தாறன், ஆனா திருப்பித் தரணும்.”

சார்ஜன் சிரிப்பை மறைக்கத் தொப்பியை எடுத்து உள்ளே பார்த்தார். நல்லதம்பி எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ராத்தா, நீங்க வந்திரிக்கத் தேவையில்ல. நான் சமாளிச்சிரிப்பன்.”

“எனக்காக ஆரும் சிறைக்குப் போகத் தேவையில்ல. ஒங்கட பொஞ்சாதிக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?”

விதானைக்குக் கோபம் வந்துவிட்டது. “ராத்தா, அது ஏகமனதா எடுத்த தீர்மானம். நீங்களும் பின்னால பொம்பிளைகளோட இருந்தீங்கதானே? ஸலவாத்துச் சொன்னீங்கதானே?”

“சொன்னன். ரசூலுல்லாஹ்ட பேர்ல ஸலவாத்துச் சொல்லச் சொன்னா வாய மூடிக்கிட்டு இரிக்கிறதா? அது நபிக்குச் சொன்ன. ஒங்கட தீர்மானத்துக்குச் சொல்லல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சேர், நீங்கதானே மேசையில இருந்த. நீங்க சொல்லுங்க. என்ட கை மேல போனதக் கண்டீங்களா?”

நான் காணவில்லை. யாருடைய கையையும் காணவில்லை. ஒரு கையும் மேலே போகவில்லை.

“என்ட நிலம் காயணுமெண்டா காயட்டும். ஆனா என்ட மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டுக் காய விடுங்க.”

வாங்கில் இருந்து நல்லதம்பியின் குரல் வந்தது. “என்ட கதையும் அதான், சேர். நான் ஸலவாத்தும் சொல்லல்ல. சும்மா நிண்டன். என்னையும் ஏகமனதுக்குள்ள போட்டுட்டீங்க.”

எனக்கு வழக்கமாக மனிதர்கள் சொல்லும் நல்ல வாசகங்களை டயறியின் பின்பக்கத்தில் எழுதிவைக்கும் ஆசை உண்டு. அந்த இரண்டையும் அன்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் உள்ளறைக்குப் போய் என் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சுருக்கமான மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு, “பேப்பர்ல என்ன இரிக்கி?” என்றார்.

“ஏகமனதாக எண்டு இரிக்கி.”

“அத ஆர் எழுதின?”

“நான்தான்.”

“அது உண்மையெண்டா கையெழுத்து வை. பொய்யெண்டா, பொய்யெண்டு எழுதவேண்டியதும் நீதான். என்னைக் கேட்டு என்ன செய்ற?” வைத்துவிட்டார்.

அவர் எனக்கு உதவவில்லை என்று அப்போது கோபப்பட்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வெளியே வந்து முறைப்பாட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். கூட்டக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தத் தீர்மானத்தின் கீழே, இது வாக்கெடுத்துப் பெறப்பட்ட முடிவு அல்ல என்றும், ஏகமனதாக என்று எழுதியது தலைமை தாங்கிய என் பிழை என்றும் எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். விதானை எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, “சேர், ஒங்கட உத்தியோகம்?” என்று மெதுவாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

வாசலுக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கூட்டம் என்று அறிவித்தேன். டிராக்டர் பெட்டியின் பக்கத்தில் நின்ற போடியார் முன்னால் வந்தார்.

“இஞ்ச பாருங்க, நீங்க செய்றது சரியில்ல. இண்டைக்கு ஒருத்தி அலவாங்கு தூக்கினாவெண்டு கூட்டத்தத் திருப்பிக் கூட்டினா, நாளைக்கு இன்னொருத்தன் தூக்குவான். மறுகா எந்தத் தீர்மானம் நிக்கும்?”

தம்பிமாரே, அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பலம் உள்ளவர்கள் பேசும் நியாயத்தை எல்லாம் தந்திரம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் சொன்னேன்: “போடியார், பூட்ட உடைச்சதுக்கு அவங்க பதில் சொல்லத்தான் வேணும். அத மத்தியஸ்த சபைக்கு அனுப்புறன். ஆனா பூட்டுப் போட்டதுக்குப் பதில் சொல்லவேண்டியது நான்.”

“அப்ப ஞாயிறு வரைக்கும் தண்ணி?”

“ஒருத்தருக்கும் இல்ல. குளத்துக் கதவ மூடச் சொல்றன். மேலுக்கும் இல்ல, கடைக்கும் இல்ல.”

“என்ட நெல்லு ரெண்டு நாள் காயும்.”

“அவங்கட போகமே காயப் போகுது, போடியார்.”

அவர் என்னை ஏசினார். டிராக்டர் திரும்பிப் போனது. வீதியின் மறுபக்கம் நின்றவர்கள், நல்லதம்பி தன் மண்வெட்டியை ஜீப்பில் இருந்து எடுத்துத் தோளில் போடும் வரை காத்திருந்துவிட்டுச் சேர்ந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை மண்டபத்தில் வைக்கவில்லை. வட்டைக்குள்ளேயே, கடைக்கண்டத்து வாய்க்கால் கதவுக்குப் பக்கத்தில் இருந்த களவெட்டியில் வைத்தேன். நெற்கதிர் அடிக்கிற அந்தத் திடலில் வரிசையும் இல்லை, மேடையும் இல்லை. கையை உயர்த்தச் சொன்னால் எல்லோரும் போடியாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உயர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே காணிக்காரர் பேர்கள் பதிந்த இடாப்பைக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பேராக வாசிப்பேன், பேருக்குரியவர் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும், வரமுடியாதவரை அந்த இடத்திலேயே தொலைபேசியில் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றேன்.

நான் எதிர்பாராத ஒன்று அங்கே நடந்தது. எங்கள் பக்கத்தில் காணி பெண்ணுக்குச் சீதனமாகப் போகிற வழக்கம் என்பது எனக்குத் தெரியாததா? என் மனைவியின் வளவில்தான் நானே வீடு கட்டி இருக்கிறேன். ஆனாலும் இடாப்பை உரத்து வாசித்தபோதுதான் காதில் விழுந்தது. பேர் பேராகப் பெண்கள். களவெட்டியில் நின்றவர்களோ பெரும்பாலும் ஆண்கள்.

“சுலைஹா உம்மா” என்று வாசித்தேன்.

“ஓம். மேலுக்கும் நடுவுக்கும் மட்டும்” என்றார் போடியார்.

பின்னால் இருந்து ஒரு குரல்: “போடியார், நீங்க எப்ப சுலைஹா உம்மாவானீங்க?”

களவெட்டி சிரித்தது. போடியார் ரோசக்காரர். மனைவிக்குத் தொலைபேசி எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். “இஞ்ச, தண்ணி விசயம். ஓம் எண்டு சொல்லு.”

“எதுக்கு ஓம்?”

“நீ சொல்லு புள்ள.”

“எத்தின வருசமா அந்தக் காணி என்ட பேர்ல கிடக்கு. இண்டைக்குத்தான் என்னைக் கேக்குறீங்க. ஒரு நாள் யோசிக்க விடுங்க.” தொடர்பு அறுந்தது.

போடியார் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “வெறுமையா விடுங்க, சேர். நான் வீட்ட போகணும்.”

அதன் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வரம்பு வரம்பாக ஆண்கள் நின்று வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். சிலர் தாங்கள் நினைத்த பதிலோடு திரும்பினார்கள், சிலர் வேறு பதிலோடு. ஒருவர், “அவ கறிக்கு என்ன வாங்கினதெண்டுதான் கேக்குறா” என்று நொந்துகொண்டார். அவருடையதையும் வெறுமையாக விட்டேன். காரைதீவுப் பேர்களும் வந்தன. நல்லதம்பி, “இல்ல. இண்டைக்கு வாயத் திறந்து சொல்றன், இல்ல” என்றார்.

பேர் வாசிக்கும் முன் நீர்ப்பாசன இன்ஜினியர் வந்து குளத்தின் நிலைமையை விளக்கியிருந்தார். அவரிடம் கேள்வி கேட்ட ஒரே ஆள் ஹலீமா உம்மா.

“மூண்டு கண்டத்துக்கும் விட்டா?”

“கதிர் வாற நேரம் வத்திடும், உம்மா. மூண்டும் சப்பி, பதர்தான்.”

“எங்கட கண்டத்துக்கும் நடுக்கண்டத்துக்கும் மட்டும் விட்டா?”

இன்ஜினியர் தயங்கினார். “விடலாம். வாய்க்கால்ல கொஞ்சம் கூட வீணாகும், தூரம்தானே. ஆனா விடலாம்.”

“அப்ப தண்ணி இல்லயெண்டது மட்டும்தான் குளத்துட முடிவு. ஆருக்கு இல்லயெண்டது ஆக்கள்ட முடிவு. அதத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டன்.”

இவ்வளவு வருடமும் நான் குழப்பிக்கொண்டிருந்த இரண்டு காரியத்தை அவர் ஒரே மூச்சில் பிரித்து வைத்தார். குளத்தின் முடிவுக்கு யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. ஆக்களின் முடிவுக்கு ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். உங்கள் மேசைக்கு ஒரு பிரச்சினை வரும்போது, இதில் எது குளத்தின் முடிவு, எது ஆக்களின் முடிவு என்று முதலில் பாருங்கள். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைப்பது எங்கள் தொழிலில் மிகச் சுலபம். நாங்கள் அறியாமலே செய்துவிடுவோம்.

எண்ணி முடிந்தபோது வெயில் ஏறியிருந்தது. முடிவு பழைய முடிவுதான். மேலுக்கும் நடுவுக்கும் தண்ணீர், கடைக்கண்டம் சும்மா. ஒன்பது பேர் வித்தியாசம். அதே சொற்களை அதே புத்தகத்தில் திரும்ப எழுதினேன். இந்த முறை ஏகமனதாக என்று எழுதவில்லை. ஓம் இவ்வளவு, இல்லை இவ்வளவு, வெறுமை இவ்வளவு என்று எழுதினேன். போடியார் வெற்றியைக் கொண்டாடவில்லை. மூன்று நாள் மினக்கெட்டு அதே இடத்துக்குத்தானே வந்தோம் என்றும் கேட்கவில்லை.

கூட்டம் கலையவில்லை. மறுநாள் குளத்துக் கதவு திறக்கும். அதற்குள் கடைக்கண்டத்து வாய்க்கால் கதவை இறக்கியாக வேண்டும். அது வெள்ளிக்கிழமை தூக்கியபடியே நின்றது. அதன் பக்கத்தில் கடைக்கண்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வழி விடமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. விடவும் இல்லை. விதானை என்னைப் பார்த்தார். நான் வீதியில் நின்ற ஜீப்பைப் பார்த்தேன். சார்ஜன் இறங்கவில்லை. அவரைக் கூப்பிட்டால் அவர் வருவார், கதவும் இறங்கும். ஆனால் அப்படி இறங்குமானால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வெள்ளிக்கிழமைப் பூட்டைவிட எதில் பெரியது? நான் கூப்பிடவில்லை. அது தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன், அவ்வளவுதான்.

ஹலீமா உம்மா என் மேசைக்கு வந்தார்.

“எழுதியாச்சா, சேர்?”

“ஓம், ராத்தா.”

“என்ட பேருக்கு நேர என்ன எழுதியிரிக்கி?”

“இல்லை எண்டு.”

“வாசிங்க.”

வாசித்தேன்.

“கொஞ்சம் சத்தமா வாசிங்க. அவங்களுக்கும் கேக்கட்டும்.”

எழும்பி நின்று உரத்து வாசித்தேன். கடைக்கண்டம், ஹலீமா உம்மா, இல்லை.

“அது அழியாதுதானே?”

“அழியாது.”

அவர் தலையை ஆட்டினார். கதவின் பக்கம் நடந்தார். நின்றவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். நல்லதம்பி உதவிக்குக் கையை நீட்டினார். அவர் வேண்டாம் என்று சைகை காட்டினார். இரண்டு கையாலும் திருகுபிடியைப் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் வைத்து, கதவு அடியில் போய் முட்டுகிற சத்தம் கேட்கும்வரை சுற்றி இறக்கினார்.